சாக்குக்காரனின் ஆட்டம் முடியவில்லை

சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த நிர்மலாதேவியை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு இன்னொரு பெயர் உண்டு என்பது மட்டும் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. யூடியூபில் அவள் சேனலின் பெயர் ‘மூணாவது கயிறு’; ரிங்கைச் சுற்றி மூன்று கயிறு கட்டுவார்களே, அதில் மேல் கயிறு. திங்கட்கிழமை மதியம், ஆபீஸ்காரர்கள் சாப்பாட்டுக்குப் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முகம் காட்டாமல் குரலை மட்டும் பதிவு செய்வாள். விஷயம் ரெஸ்லிங். எந்தக் கதை எடுபட்டது, எவன் நடிப்பு சொதப்பியது, யாருக்குச் சாம்பியன் பெல்ட் கொடுத்திருக்கக் கூடாது என்று பத்து நிமிடம் வெளுத்து வாங்குவாள். நாலாயிரத்துச் சொச்சம் பேர் அதைக் கேட்டார்கள்.

“அடிக்கிறது பூராம் பொய்யின்னு தெரிஞ்சுமா பாக்கிய?” என்று யாராவது கேட்டால், “சினிமாவுல சாகுறவன் நெசமாவா சாகுதான்? அங்க மட்டும் அழுதிய?” என்பாள்.

அமெரிக்காக்காரன் ரெஸ்லிங்கைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருந்தார்கள். நிர்மலாதேவிக்கு ஆள் சேர்ந்தது ‘இரும்புவளையம்’ என்ற நம் பக்கத்துக் கம்பெனியால். கோவில்பட்டி பாண்டியராஜன் நடத்தியது. பத்துப் பதினைந்து பேரைப் பழக்கி, கல்யாண மண்டபத்திலும் பள்ளிக்கூட மைதானத்திலும் ரிங் கட்டி ஆடவிட்டு வீடியோ போடுவார். அதில் ஒருவன்தான் சாக்குக்காரன்.

அழுகிற பிள்ளையைச் சாக்குக்காரன் பிடித்துக்கொண்டு போவான் என்று பயம் காட்டுவோமே, அவன்தான். தலையிலிருந்து இடுப்பு வரை பழைய சணல் சாக்கு. கையை நீட்ட மட்டும் பக்கத்துக்கு ஒரு கிழிசல். கண்ணுக்கு ஓட்டை கிடையாது. ஆனாலும் தட்டுத் தடுமாறாமல் நேராக நடந்து வந்து, படியேறி, கயிற்றுக்கு நடுவே நுழைந்து மூலையில் நிற்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். பெரும்பாலும் தோற்பான். நடுவர் தரையைத் தட்டி மூன்று எண்ணியதும் எழுந்து, கூட்டத்துக்குள் புகுந்து வந்த வழியே போய்விடுவான்.

முதல் வருஷம் நிர்மலாதேவி அவனைத் தூக்கி வைத்துப் பேசினாள். இரண்டாம் வருஷம் சலித்துவிட்டது. அவன் இடது முட்டி மடங்காமல் காலை இழுத்து நடக்க ஆரம்பித்திருந்தான். ஒரு திங்கட்கிழமை சொன்னாள்: “முட்டி போன ஆளை இன்னும் எத்தன நாளைக்கு ஏத்துவிய? ரசிகர்களுக்கு இப்ப பயம் வரல, பாவமா இருக்கு. இந்த கேரக்டர புதைச்சிருங்க. கௌரவமா இருக்கும்.”

அவளுடைய வீடியோக்களிலேயே அதிகம் பேர் கேட்டது அதுதான். ‘புதைச்சிருங்க’ என்று கமெண்டுகள் குவிந்தன. பாண்டியராஜன் அடுத்த மாதமே புதைத்துவிட்டார். ரிங் நடுவில் பலகைப் பெட்டி. சாக்குக்காரனை அதற்குள் தள்ளி மூடி, மேலே கூடை கூடையாகக் கரிசல் மண்ணைக் கொட்டினார்கள். நடுவர் எண்ணவில்லை. மணியடித்து முடித்துவிட்டார்கள்.

“மூணு எண்ணாம முடிச்சாங்க பாருங்க, அதுதான் துணிச்சல்” என்று நிர்மலாதேவி பாராட்டினாள்.

இரண்டு மாதம் கழித்து சைஃபுல்லா கடைக்கு வந்தான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் சர்வீஸ் செய்பவன். அவளுக்கு வீடியோ வெட்டி ஒட்டிக் கொடுப்பதும் அவன்தான். லேப்டாப்பை ஜெராக்ஸ் மிஷின் மேல் வைத்துத் திறந்தான்.

“அக்கா, இது கோவில்பட்டி ஷோ. அஞ்சாவது வரிசை ஓரத்த பாருங்க.”

பார்த்தாள். கூட்டத்துக்குள் ஒரு நாற்காலியில் சாக்கு போட்ட உருவம் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தது.

“இது போன மாசம், திருவேங்கடம். மூணாவது வரிசை. இது போன வாரம், இளையரசனேந்தல்.”

இளையரசனேந்தலில் அது முதல் வரிசையில் இருந்தது. பக்கத்தில் ஒருத்தி கைப்பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். அவள் திரும்பிப் பார்க்காமலே தன் ஒயர் கூடையைத் தூக்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். கூடை சாக்குக்காரனின் மடிக்கு மேல் நிற்காமல், அவனுக்குள்ளேயே இறங்கி நாற்காலிப் பலகையில் போய் உட்கார்ந்தது. சைஃபுல்லா மறுபடி ஓட்டினான். மறுபடியும் அப்படித்தான்.

“கிராபிக்ஸா இருக்கும்” என்றாள்.

“இவங்களுக்கு ஒழுங்கா சவுண்டே வைக்கத் தெரியாது. கிராபிக்ஸா போடப் போறாங்க?”

ரசிகர்களும் கவனித்துவிட்டார்கள். இந்த வருஷத்தின் சிறந்த கதை இதுதான் என்றார்கள். அவசரப்படாமல் வரிசை வரிசையாக முன்னால் கொண்டுவரும் பாண்டியராஜனின் மூளையே மூளை என்றார்கள். நிர்மலாதேவியும் அந்தத் திங்கட்கிழமை அதைத்தான் சொன்னாள். வீடியோ ஏறி ஒரு மணி நேரத்தில் பாண்டியராஜனே போன் செய்தார்.

“மேடம், உங்க கால்ல விழுதேன். அதப் பத்திப் பேசாதிய.”

“ஏன் அண்ணாச்சி, நல்லாத்தான போகுது?”

“நாங்க யாரையும் உக்கார வைக்கல. உங்க ரசிகப் பயலுவ யாரோ வெளையாடுதான்னு நெனச்சிட்டிருந்தேன். இளையரசனேந்தல்ல நானே வாசல்ல நின்னு ஒவ்வொருத்தனையா பாத்துத்தான் உள்ள விட்டேன். அப்படி ஒருத்தன் வரவே இல்ல மேடம்.” பிறகு சொன்னார்: “ஞாயித்துக்கெழம உங்க ஊர்லதான் ஷோ. முதல் வரிசைக்கு அப்புறம் என்ன இருக்கு, ரிங்குதான.”

சாக்குக்குள் இருந்தவன் யார் என்று அவள் அதுவரை கேட்டதே இல்லை. அப்போது கேட்டாள். கரிவலம்வந்தநல்லூர் வெள்ளத்துரை என்றார்.

வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அவள் பஸ் ஏறினாள். அந்த ஆளே கோபத்தில் வந்து உட்கார்ந்திருப்பான், மன்னிப்புக் கேட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். வெள்ளத்துரையின் வீட்டைக் கேட்டதும் காட்டினார்கள். கதவைத் திறந்தது அவர் மனைவி பேச்சி.

“அவுக வெளிய எங்கயும் போறதில்லம்மா. மூணு மாசமா இந்த நாற்காலிதான்.”

வெள்ளத்துரைக்கு நாற்பது வயதிருக்கும். இடது முட்டியில் தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை கட்டு. நிர்மலாதேவி தான் யார் என்று சொன்னாள். குரலைக் கேட்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“மூணாவது கயிறு” என்றார். “புதைக்கச் சொன்னது நீங்கதான.”

“ஆமா அண்ணாச்சி. முட்டியப் பத்தி அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

“முட்டி போனது நெசந்தான. அதுல என்ன கோவம்.” பேச்சியிடம் கையைக் காட்டி அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

அவள் போனை எடுத்து, சைஃபுல்லா வீடியோவிலிருந்து எடுத்துக் கொடுத்த மூன்று படங்களையும் காட்டினாள். வெள்ளத்துரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

“அந்தச் சாக்குக்குள்ள ஒண்ணும் தெரியாதும்மா. கும்மிருட்டு. முத நாளு நாலடி வைக்கதுக்குள்ள விழுந்திருவேன்னு நெனச்சேன். விழல. யாரோ கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி இருந்துச்சு. ரெண்டு வருசம் நான் நடக்கல. அவன் நடந்தான், நான் உள்ள இருந்தேன்.”

“அவன்னா யாரு?”

“சாக்குக்காரன்தான். வேற யாரு.”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

“அன்னைக்குப் பெட்டிக்குள்ள வச்சு மூடுனாங்கல்லா. பின்னால கொண்டு போய்த் தொறந்தப்ப சாக்கக் கழத்தி அதுலயே போட்டுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். நான் வந்துட்டேன். அவன் வரல. தோத்தவனுக்கு மூணு எண்ணணும்மா. எண்ணுனாத்தான் எந்திரிச்சுப் போவான். அவனுக்கு யாரும் எண்ணவே இல்ல. ஆட்டம் முடியலன்னு காத்துக் கெடக்கான்.”

பேச்சி தண்ணீர் செம்பை நீட்டியபடி, “இதத்தாம்மா ராத்திரியும் பகலும் சொல்லுதாக. ஒறங்குறதே இல்ல” என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது நிர்மலாதேவி பாண்டியராஜனுக்குப் போன் செய்து பெட்டியைப் பார்க்கச் சொன்னாள். அரைமணி நேரம் கழித்து அவர் கூப்பிட்டார். பெட்டி குடோனில்தான் இருந்தது. அன்றைக்குச் சாக்கை உள்ளே விட்டு மறுபடி மூடி அடித்த ஆணி அப்படியே இருந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே மண் மட்டும் கிடந்தது. சாக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ராஜபாளையம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் ஆட்டம். மேற்கு ஜன்னல்கள் வழியாக வெயில் நேராக ரிங்கில் விழுந்தது. பாண்டியராஜன் அவளை வர்ணனை மேசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். தனியாக இருக்கப் பயந்தார் என்பது அவள் எண்ணம். முதல் வரிசையில் எல்லா நாற்காலியிலும் ஆட்கள் இருந்தார்கள். அவள் இரண்டு முறை எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

முதல் ஆட்டம் ஒழுங்காக முடிந்தது. இரண்டாவது ஆட்டத்துக்கு, பெல்ட் வைத்திருக்கும் அபிஷேக் வந்தான். இருபத்து மூன்று வயது, நல்ல வாய். மைக்கைப் பிடித்து, “என்னை எதுத்து நிக்க இந்த ஊர்ல ஆம்பள எவனாவது இருக்கியளா?” என்று கேட்டான். பதிலுக்கு எதிராளி வாசல் வழியாக வரவேண்டும். அதற்குள் கூட்டம் அடங்கியது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு விசில் கிளம்பி, மண்டபமே எழுந்து நின்றது.

அபிஷேக்கின் முதுகுக்குப் பின்னால், மூலையில், சாக்குக்காரன் நின்றுகொண்டிருந்தான். படியேறியதை யாரும் பார்க்கவில்லை. முதல் மழை விழுந்த கரிசல் மண்ணின் வாடை மேசை வரைக்கும் வந்தது.

“மேடம்,” என்றார் பாண்டியராஜன். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

அபிஷேக் திரும்பினான். திரும்பியவன் பாண்டியராஜனைப் பார்த்தான். ‘நான் அனுப்பவில்லை’ என்பதுபோல் அவர் தலையாட்டினார். சாக்குக்காரன் இடது காலை இழுத்துக்கொண்டு ரிங்கின் நடுவுக்கு வந்து இரண்டு கைகளையும் உயர்த்தினான். பிடிக்கு அழைக்கிற முறை அது. அபிஷேக் ஓடியிருக்கலாம். ஆனால் ஆயிரம் தடவை பழகிய உடம்பு. கை தானாக உயர்ந்து அந்தக் கையைக் கோத்துக்கொண்டது.

நாலைந்து நிமிடம் ஆடினார்கள். அவ்வளவு சுத்தமான ஆட்டத்தை நிர்மலாதேவி அந்தக் கம்பெனியில் பார்த்ததில்லை. ஒரு பிடி தவறவில்லை, ஒரு விழுகை பிசகவில்லை. ஆனால் சாக்குக்காரன் விழுந்தபோது மட்டும் பலகையில் சத்தமே எழவில்லை. அபிஷேக் விழுந்தால் இடி மாதிரி கேட்டது. கடைசியில் அபிஷேக் அவனைத் தூக்கி மல்லாக்கப் போட்டு, மார்பின் மேல் படுத்துக்கொண்டு நடுவரைப் பார்த்தான்.

நடுவர் ரிங்கில் இல்லை. எப்போதோ இறங்கி, மணமேடைப் பக்கம் சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தார்.

“எண்ணச் சொல்லுங்க” என்றாள் நிர்மலாதேவி. பாண்டியராஜன் அசையவில்லை.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறி, கயிற்றுக்குக் கீழே குனிந்து நுழைந்தாள். இத்தனை வருஷமாக ரிங்கைப் பற்றிப் பேசியவள், அன்றுதான் முதல் தடவையாக அதன் மேல் கால் வைத்தாள். முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். அவள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி அந்தச் சாக்கு மூச்சுக்கு ஏறி இறங்கியது. அவள் பலகையைத் தட்டினாள்.

“ஒண்ணு.”

கூட்டமும் சேர்ந்து கத்தியது.

“ரெண்டு.”

மூன்றாவதுக்குக் கையை ஓங்கியவள் சாக்கின் பக்கம் குனிந்தாள். “நல்லா ஆடுனிய அண்ணாச்சி” என்று அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு தட்டினாள். “மூணு.”

அபிஷேக்கின் மார்பு மெல்லக் கீழே இறங்கிப் பலகையைத் தொட்டது. அவனுக்கு அடியில் ஒரு பழைய சாக்கு தட்டையாகக் கிடந்தது. அதன் வாயிலிருந்து ஒரு கைப்பிடி மண் சரிந்தது. மணி அடித்தது யார் என்று பிறகு விசாரித்தபோது யாருக்கும் தெரியவில்லை.

கூட்டம் நாற்காலி மேல் ஏறிக் கொண்டாடியது. ரிங்குக்கு அடியில் பொறிக்கதவு என்றான் ஒருவன். கண்ணாடி வித்தை என்றான் இன்னொருவன். அன்று ராத்திரிக்குள் யூடியூபில் ஏழெட்டு விளக்கங்கள் வந்துவிட்டன. மூணாவது கயிறு என்ன சொல்கிறது என்று எல்லோரும் கேட்டார்கள். மறுநாள் திங்கட்கிழமை அவள் ஷட்டரை இறக்கவும் இல்லை, வீடியோ போடவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்த கையோடு மண்டபத்தின் சமையல்கட்டில் அபிஷேக் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“அக்கா, நீங்க மூணு சொல்லதுக்கு முன்னாடி அது எங்கிட்ட பேசிச்சு.”

“என்னன்னு?”

“‘அடி ஒண்ணும் படலியே தம்பி’ன்னு.” அவன் முகத்தைத் துடைக்கவில்லை. “ஆடும்போது நாங்க ஒருத்தருக்கொருத்தர் கேக்கதுதான். ஆனா அது வெள்ளத்துரை அண்ணன் கொரல் இல்ல. எனக்குத் தெரிஞ்ச யார் கொரலும் இல்ல.”

ஆறரை மணிக்கு வெளிச்சம் மங்கும்போது அவள் ரோட்டோரம் நின்று கரிவலம்வந்தநல்லூருக்குப் போன் போட்டாள். பேச்சிதான் எடுத்தாள்.

“அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்த பேசணுமே.”

“அவுக ஒறங்குதாகம்மா.” பேச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நாலரை, நாலே முக்கா இருக்கும். நாற்காலில இருந்தவுக சடார்னு எந்திரிச்சு, கம்பு இல்லாம வாசல் வரைக்கும் நடந்தாக. தெருவப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாக. வந்து படுத்தவுகதான். எழுப்பட்டுமா?”

“வேண்டாம்” என்றாள் நிர்மலாதேவி.

போனுக்கு அந்தப் பக்கம் வெள்ளத்துரையின் குறட்டை கேட்டது. அவள் வைக்காமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள்.