தாமதத்துக்கு வருந்துகிறோம்

அன்று அந்த அரங்கில் இருந்தவர்கள்: தேசிய உணவு வழிகாட்டிக் குழுவின் தலைவி, அவருக்கு இருபுறமும் இரண்டு மருத்துவர்கள், மேசையின் ஓரத்தில் கைமணியோடு ஓர் அலுவலர், முதியோர் பகல் மையங்களுக்குச் சமைத்துப்போடும் ஒப்பந்தக்காரர், கருத்துச் சொல்ல வந்த பொதுமக்கள். எங்கள் குடும்பத்தில் என் அக்கா, என் மருமகள், நான். வண்டியை நிறுத்த இடம் தேடிப் போன மகன் எல்லாம் முடிந்த பிறகுதான் உள்ளே வந்தான். என் தம்பி, நாங்கள் சின்னவன் என்று கூப்பிடுபவன், முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததாகப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் வரவில்லை.

அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முகம் தெரியாதவர்களுக்கும் அவர் குரல் தெரியும். அவர் 'தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்று சொன்னால், வண்டியைத் திட்ட வாயெடுத்தவர்கள்கூட அடங்கிப்போவார்கள். எங்கள் அப்பா புதியவர்களிடம் தன் உத்தியோகத்தைச் சொல்ல மாட்டார், 'அந்தக் குரலோட அப்பா' என்றுதான் சொல்வார். பக்கவாதம் வந்த பிறகு அக்காவுக்குக் கை திரும்பியது, கால் திரும்பியது, நாக்கு மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் அவர் எங்கோ போய்விட்டு வருவார். அதிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களை நான் கூடத்தோடு அனுப்பிவிடுவேன். தொலைபேசியை அவரிடம் கொடுப்பதில்லை. அந்தக் குரலை அந்த நிலையில் கேட்க யாருக்கும் உரிமையில்லை.

விழுங்குவதும் கடினம் என்பதால் அவருக்கு எதையும் அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் மருமகள் ஒவ்வொன்றையும் தனியாக அரைத்து, தட்டில் வெள்ளை, ஆரஞ்சு, பச்சை என்று தனித்தனிக் குவியலாக வைப்பாள். ஆனால் மகனும் மருமகளும் வேலைக்குப் போகிற நாட்களில் அக்காவுக்கு மதியச் சாப்பாடு பகல் மையத்தில்தான். அங்கே சோறு, மீன், கேரட், பீன்ஸ் எல்லாவற்றையும் ஒரே ஜாரில் போட்டு அடித்து, மண் நிறத்தில் ஒரு கரண்டி ஊற்றுவார்கள். அக்கா தட்டைத் தள்ளிவிடுவார். கையில் கடிகாரம் முழங்கை வரை ஏறி இறங்கத் தொடங்கியது. இன்னும் இளைத்தால் மூக்கு வழியாகக் குழாய் வைக்க வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். நான் மையத்தில் போய்க் கேட்டபோது, அரசாங்கமே அப்படித்தான் சொல்லப்போகிறது என்று புதிய வழிகாட்டியின் வரைவைக் காட்டினார்கள். உண்மைதான். மெல்லவோ விழுங்கவோ முடியாத முதியோருக்கு அன்றைய உணவு முழுவதையும் ஒன்றாக அரைத்துக் கொடுக்கலாம் என்று அதில் இருந்தது. அது உறுதியானால் நாட்டில் எந்த மையத்திலும் பேச இடமிருக்காது.

வரைவைப் பற்றிப் பொதுமக்கள் சொல்வதைக் கேட்டுத்தான் இறுதி வடிவம் எழுதுவார்களாம். அதற்காகக் குழு ஊர் ஊராகப் போய்க் கூட்டம் நடத்தியது. ஒரு குடும்பத்துக்கு ஒருவர், ஆளுக்கு மூன்று நிமிடம். மருமகள் அக்காவின் பெயரைக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். அதற்குள் நான் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். குடும்பத்துக்காகப் பேசுவது ஆண்பிள்ளைகளில் மூத்தவனின் பொறுப்பு.

"உங்க பேச்சுல பெரியத்தை எங்க மாமா வர்றாங்க?" என்று கேட்டாள்.

பொதுவாகப் பேசப்போகிறேன், யாரையும் குறிப்பிட மாட்டேன் என்றேன்.  கூட்டத்தன்று அவள் அக்காவுக்கு நல்ல புடவை கட்டி, தலை வாரி, வண்டியில் ஏற்றிவிட்டாள். கேட்க மட்டும் வருகிறார்கள் என்றாள்.

அரங்கில் முதலில் குளிர்பானக் கம்பெனிக்காரர் ஒருவர் சர்க்கரைக்காக உருகினார். ஒரு அம்மா பள்ளிக்கூடச் சாப்பாட்டில் பழம் வேண்டும் என்றார். பிறகு ஒப்பந்தக்காரர் எழுந்தார். அண்டா என்பது அவருடைய பட்டப்பெயர். அவர் காது கேட்கவும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வரைவை அப்படியே வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். தனித்தனியாக அரைத்தால் ஒவ்வொரு முறையும் ஜாரைக் கழுவ வேண்டும், அதற்கு ஆள் இல்லை என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானுங்களே. அவங்களுக்கு நாக்கே செத்துப்போச்சு. என்ன தெரியப்போவுது?"

சிலர் சிரித்தார்கள். நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கவும் தேவையில்லை.

அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கின் முன்னால் போய் நின்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு முழுதும் ஞாபகத்தில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் அக்காவின் நாக்கைப் பற்றி ஒருவன் சபையில் பேசிவிட்டான். அதற்குப் பதில் நான் சொன்னால் அவன் சொன்னது மெய்யாகிவிடும்.

"எங்க குடும்பத்துல எனக்கு மூத்தவங்க இருக்காங்க. என் நேரத்துல அவங்க பேசுவாங்க," என்றேன். மைக்கைக் கழற்றி எடுத்துப் போய் அக்காவின் கையில் கொடுத்தேன்.

அக்கா மைக்கை வாயிலிருந்து சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் பிடித்தார். தெரிந்தவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். அரங்கு காத்திருந்தது. நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"தாமதத்துக்கு... வருந்துகிறோம்," என்றார் அக்கா.

 பின்வரிசையில் ஒருவர், "அட, அந்தம்மாடா இது" என்றார். சிரிப்பு எழுந்து அரங்கைச் சுற்றி வந்தது. இது வேறு சிரிப்பு. அண்டாகூடத் திரும்பிப் பார்த்தார்.

"நாக்குக்குப் பேசத்தான்... கஷ்டம். ருசி... அப்படியே இருக்கு. எந்த ஊருக்குப் போகுதுன்னு... சொல்லாம... நான் யாரையும் வண்டி ஏத்தினதில்ல. எனக்கு மட்டும்... என்னன்னே சொல்லாம... ஊட்டுறாங்க."

சொல்லுக்குச் சொல் அவர் போய்விட்டு வரும்வரை அத்தனை பேரும் அசையாமல் காத்திருந்தார்கள். இளைய மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். மூன்று நிமிடம் எப்போதோ போயிருக்க வேண்டும். அக்கா கேரட்டைப் பற்றியும் பீன்ஸைப் பற்றியும் சொல்லி, கடைசியில், "கேரட்... கேரட்டா வரட்டும்" என்று முடித்தார்.

அண்டா விடவில்லை. ஜாரை யார் கழுவுவது என்று மறுபடி கேட்டார். குடும்பத்துக்கு ஒருவர் என்ற விதியை மீறி என் மருமகள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "வெள்ளையில ஆரம்பிச்சு அடர்நிறத்துல முடிங்கண்ணே. நடுவுல ஒரு வாய் தண்ணி ஊத்தி அலசுனாப் போதும். வேலைக்குப் போற நானே தினம் செய்யறேன்."

தலைவியின் முகம் அது காதில் விழாத மாதிரி இருந்தது. ஆனால் குனிந்து எழுதிக்கொண்டார்.

இறுதி வழிகாட்டி வந்தபோது அந்த வரி மாறியிருந்தது. அரைத்துக் கொடுக்கும்போதும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அரைத்துப் பரிமாற வேண்டும், தான் உண்பது என்னவென்று உண்பவருக்குத் தெரிய வேண்டும் என்று அச்சில் இருக்கிறது. நாடு முழுவதற்கும் அதுதான். மாறிய முதல் நாள் நான் மையத்துக்குப் போயிருந்தேன். அண்டாவே கரண்டியோடு நின்று பரிமாறினார். அக்கா ஒவ்வொரு குவியலாகத் தொட்டு, மேசையில் இருந்த மற்றவர்களுக்கு அறிவித்தார்: "அடுத்து வருவது... பீன்ஸ்." தட்டு காலியானது. இப்போது கடிகாரம் மணிக்கட்டிலேயே நிற்கிறது. வீட்டில் தொலைபேசி அடித்தால் அவர்தான் எடுக்கிறார்.

ஒரு விஷயம். நேரம் முடிந்ததும் அந்த அலுவலர் மணியடிக்கப் போனதாகவும், நான் பாய்ந்து போய் அதைப் பிடுங்கிக்கொண்டதாகவும் சின்னவன் பரப்பிவருகிறான். நான் பிடுங்கவில்லை. அக்கா பேசி முடிக்கும்வரை, அந்த அலுவலர் மணியை மடியில் சாய்த்து, அதன் நாக்கைத் தன் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.