துண்டுக்கு அடியில் பன்னிரண்டணா

குணமாலா உட்கார்ந்திருக்கும் பட்டுக் கடையில் சொன்ன விலைக்கு யாரும் புடவை வாங்கிப் போனதில்லை. வாங்கினால் அவளுக்கே பிடிக்காது. "இன்னாமா, ஒரு வார்த்தை பேசாம எடுத்துக்கினு போற? உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று வாசல்வரை போய் விசாரித்துவிட்டு வருவாள்.

பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களிடம் புடவை எடுப்பது கணவர் பத்மராஜின் வேலை, விற்பது அவளுடையது. முசரவாக்கத்து ஜைனக் குடும்பம். பத்மராஜின் அப்பா வேர்க்கடலைத் தரகர். சந்தையில் அவர் துண்டை விரிப்பார். அதற்குள் இரண்டு பேர் கையை விடுவார்கள். ஒரு விரலை அழுத்தினால் ஒன்று, முழுக் கையைப் பிடித்தால் ஐந்து, முஷ்டியை மூடினால் ஒன்றுமில்லை. துண்டுக்கு மேலே வாய் எதை வேண்டுமானாலும் கத்தலாம். அடியில் விரல் சொல்வதில் பொய் கிடையாது. பொய் சொன்னவனுடன் அப்புறம் ஒருவரும் வியாபாரம் செய்ய மாட்டார்கள்.

அந்தப் பழக்கம் மகனோடு பட்டுக் கடைக்கும் வந்தது. விரித்த முந்தானைக்கு மேலே குணமாலா "கட்டுப்படி ஆகாதுமா!" என்று நெஞ்சில் அடித்துக்கொள்வாள். முந்தானைக்கு அடியில் எந்த விலைவரை இறங்கலாம் என்று பத்மராஜின் விரல் சொல்லிக்கொண்டிருக்கும். முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவர்கள் நிஜம் பேசிக்கொண்டது பெரும்பாலும் அங்கேதான்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஆவணியில் ஒரு காலை, அரக்குச் சிவப்புக் கல்யாணப் புடவையை ஒரு அம்மாள் கேட்ட முதல் விலைக்கே குணமாலா மடித்துக் கொடுத்துவிட்டாள்.

பத்மராஜ் கணக்கு நோட்டை மூடிவைத்தார். "குணா, யாரு செத்துப் போயிட்டாங்க?"

"ஒருத்தரும் போவல. அடிவயிறு லேசா வலிக்குது."

லேசான வலிக்கு இவள் பேரத்தை விடமாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

ஏழு மாதமாகவே வலி இருந்தது. ஐம்பத்தாறு வயது; மாதவிலக்கு நின்று நாலு வருஷம். கடையைச் சாத்திப் பூட்டுப் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்தவளுக்கு, உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல ஒரு கனம், ஒரு இழுப்பு. அரை மணிக்கு ஒருமுறை கொல்லைப்புறம் போக வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் நடுவில் எழுந்து போக வெட்கப்பட்டு, அவள் பகலில் தண்ணீர் குடிப்பதை விட்டாள். ஜைன வழக்கப்படி பொழுது சாய்ந்தபின் அந்த வீட்டில் சாப்பாடும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஆக, நாள் முழுக்க இரண்டு டம்ளர்.

அவளுடைய அக்கா மதனவதி கர்ப்பப்பைப் புற்றில் போனவள். அதுவும் அடிவயிற்று வலியில்தான் ஆரம்பித்தது. தனக்கும் அதுதான் என்று குணமாலா முடிவுகட்டிவிட்டாள். வாய்விட்டுச் சொன்னால் உறுதியாகிவிடும் என்று சொல்லாமல் இருந்தாள்.

பத்மராஜ் அன்றே அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். லேடி டாக்டர் கமலாட்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்: "பதினாறணா, முழு ரூபாய்னா தாங்கவே முடியாத வலி. உங்களுக்கு எத்தனை அணாம்மா?"

அணா ஒழிந்து பதினாலு வருஷம் ஆகியும் ஊரில் வலியை அணாவில்தான் அளந்தார்கள்.

"ரெண்டணா" என்றாள் குணமாலா.

"பதினாறணா டாக்டர்!" என்று திரைக்கு வெளியேயிருந்து பத்மராஜின் குரல் வந்தது.

"வலி உங்களுக்கா, அவங்களுக்கா?" என்றார் டாக்டர். "படுங்கம்மா, பார்த்துடலாம்."

"ரெண்டணா வலிக்கு எதுக்குமா படுத்துக்கினு? டானிக் இருந்தா குடுங்க."

டாக்டர் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். வந்தவள் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கல்லாகிவிட்டாள். பத்து நாளில் திரும்பி வரச் சொல்லி டானிக் எழுதிக் கொடுத்தார்.

ரிக்‌ஷாவில் ஏறியதும் குணமாலா பொரிந்தாள். "இன்னா டாக்டருங்க இவங்க? ரெண்டுன்னு சொன்னா, 'ரெண்டா, அதெல்லாம் இல்ல, எட்டு'ன்னு கேக்க வாணாமா? முதல் விலைக்கே எடுத்துக்கினாங்க!"

"அப்ப நெசம் எத்தினி?"

"நீங்க ஏன் பதினாறுன்னு கத்துனீங்க?"

"பதினாறுல ஆரம்பிச்சாத்தானே பன்னெண்டுல வந்து நிக்கும்?"

பன்னிரண்டு என்று இந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.

பத்தாம் நாள் கடைப் பாயிலிருந்து அவளால் எழுந்திருக்க முடியவில்லை. வண்டியில் கொண்டுவந்து அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, பத்மராஜ் டாக்டரிடம் முதலில் தனியாகப் போய் நின்றார்.

"டாக்டரம்மா, எங்க வீட்ல வாயால வர்ற முதல் விலை எதுவும் நெசம் இல்ல. இந்தாங்க" என்று தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார். "இதப் போட்டுக் கேளுங்க. துண்டுக்கு அடியில அவ பொய் சொல்ல மாட்டா."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு, "இந்த விரல் பாஷையையும் சொல்லிக் குடுங்க" என்றார்.

குணமாலா உள்ளே வந்தபோது மேஜைமேல் துண்டு விரித்திருந்தது. அடியில் டாக்டரின் கை. அவள் ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள். வேறு வழியில்லாமல் தன் கையையும் உள்ளே விட்டாள்.

"வலி எத்தனை அணா?"

முழுக் கை. மறுபடி முழுக் கை. அப்புறம் இரண்டு விரல்.

"பன்னிரண்டு. எத்தனை மாசமா?"

முழுக் கை, இரண்டு விரல்.

டாக்டர் குரலைத் தணித்தார். "விலக்கு நின்னதுக்கு அப்புறம் எப்பவாவது ரத்தம் பட்டுதா? ஒரு சொட்டு, ஒரு கறை?"

முஷ்டி இறுக மூடியது.

"நல்லது. ரொம்ப நல்லது. அப்ப எதுக்கும்மா இவ்வளவு பயம்?"

அதற்கு விரலில் பதில் இல்லை. குணமாலா டாக்டரின் கையை அப்படியே பிடித்துக்கொண்டு, "எங்க அக்கா இதுலதாம்மா போனா" என்றாள். ஏழு மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் நிஜம் அது.

அன்று எல்லாப் பரிசோதனையும் நடந்தது. கர்ப்பப்பையில் கட்டி இருப்பது டாக்டரின் கைக்குத் தட்டுப்பட்டது. எக்ஸ்ரேயில் எலுமிச்சம்பழ அளவுக்கு வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. உள்ளேயிருந்து துளி சதை எடுத்து மெட்ராஸுக்குச் சோதனைக்கு அனுப்பினார்கள். பதில் வரப் பன்னிரண்டு நாள்.

அந்தப் பன்னிரண்டு நாளும் கடையில் முந்தானைக்கு அடியில் பத்மராஜ் கேட்டது விலையை அல்ல, வலியை. அவள் ஒன்பது என்பாள், எட்டு என்பாள். டாக்டர் கொடுத்த மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது. அவருக்குத்தான் இரவெல்லாம் தூக்கமில்லை.

பதில் வந்த அன்று டாக்டர் காகிதத்தைப் படித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார். "புற்று இல்ல."

பத்மராஜ் திரைக்கு வெளியே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"உங்களுக்கு இருக்கறது நார்க்கட்டி. ஃபைப்ராய்டுன்னு சொல்வோம். மாசவிலக்கு இருக்கற வயசுல உடம்புல ஊறுற ரசத்தைத் தின்னு வளர்றது. விலக்கு நின்னா அதுக்குத் தீனி நின்னுடும், பெரும்பாலும் சுருங்கிடும். உங்களது காஞ்சு சுண்ணாம்பு பூத்துக் கிடக்குது. ஆனா மூத்திரப் பையை ஒட்டி உக்காந்துக்கினு இருக்குது. அதான் கனம்."

"அப்ப பன்னெண்டணாவும் அதோடதா?"

"ரெண்டு மூணு அணாதான் அதோடது. மிச்சம் நீங்களே வாங்கிக்கிட்டது. தண்ணி குடிக்காம மூத்திரப் பையில கிருமி வெச்சுக்கிட்டீங்க. இனிமே பகல்ல இருபது டம்ளர்."

"இருபதா! நாலு."

"பதினாறு."

"ஆறுக்கு மேல கட்டுப்படி ஆகாதுமா."

"பொழுது சாயறதுக்குள்ள பத்து. கடைசி விலை."

குணமாலா பெருமூச்சு விட்டு ஒப்புக்கொண்டாள். வாசல் திரையைத் தாண்டும்போது டாக்டர், "எனக்கு வேண்டியதே பத்துதான்" என்றார். குணமாலா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முதல் தடவையாக மரியாதை இருந்தது.

"கட்டியை அப்படியே விட்டுடலாமா டாக்டரம்மா?" என்று கேட்டார் பத்மராஜ்.

"மூணு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டணும். வளர்ந்தாலோ, ஒரு சொட்டு ரத்தம் பட்டாலோ அன்னிக்கே வரணும், எடுத்துடுவோம். வரும்போது துண்டைக் கொண்டுவாங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை கூரத்திலிருந்து கிருஷ்ணவேணி என்ற அம்மாள் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு மணி நேரம் யுத்தம். குணமாலா மூன்று முறை கடையை மூடப்போவதாக மிரட்டினாள், கிருஷ்ணவேணி நான்கு முறை செருப்பைத் தேடினாள். பத்மராஜ் ஆனந்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் முந்தானைக்கு அடியில் அவர் விரல் கேட்டது.

"ரெண்டணாங்க இன்னிக்கு" என்று குணமாலா வாய்விட்டே சொன்னாள். அடியில் அவள் அழுத்தியதும் இரண்டு விரல்தான். முப்பத்தெட்டு வருஷத்தில் மேலும் கீழும் ஒரே விலை வந்தது அன்றைக்குத்தான்.

"இன்னாது ரெண்டணா?" என்று கேட்டாள் கிருஷ்ணவேணி.

குணமாலா சொம்பை எடுத்து ஏழாவது டம்ளர் தண்ணீரைக் குடித்தாள். பிறகு அடிவயிற்று வலி, கட்டி, மெட்ராஸ் காகிதம் எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் சொன்னாள். கேட்கக் கேட்கக் கிருஷ்ணவேணியின் கை புடவை மடிப்பிலேயே நின்றுவிட்டது. செருப்பைத் தேடவில்லை.

"உனக்கும் இருக்குதாமா?"

"சும்மா… லேசா."

குணமாலா சிரித்தாள். பத்மராஜைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய போயி வெத்தல போட்டுக்கினு வாங்க" என்றாள். இன்னொரு அரக்குச் சிவப்புப் புடவையை எடுத்து இருவர் மடியிலும் படரும்படி விரித்தாள்.

"லேசான்றது வெளி விலைமா" என்றாள். "கையக் குடு இப்டி."