மேனேஜர் ஏறிய ஏணி

அந்தக் கட்டட வேலைத்தளத்தில் அவளை எல்லோரும் சிக்னல் அக்கா என்றார்கள். கிரேனின் கொக்கி எங்கே இறங்க வேண்டும் என்று தரையில் நின்று வாக்கி-டாக்கியில் சொல்வது அவள் வேலை. ஆறு வருஷம் அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்ததாலோ என்னவோ, உச்சியிலிருந்த ஆபரேட்டர் கூண்டிலேயே போய் உட்கார்ந்துவிடுவது என்று முடிவெடுத்து, பயிற்சிக்கு எழுதிப் போட்டாள்.

பொம்பளைக்கு எதற்குக் கிரேன் என்று ஆண் சிங்கங்கள் கொதித்தன. அந்த வாரமே சாரத்திலிருந்து யாரோ அவளைத் தள்ளிவிட்டார்கள். பக்கத்தில் பத்தொன்பது பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேருக்கும் சரியாக அந்த நேரம் பார்த்துக் கண்ணில் தூசி விழுந்துவிட்டதாம். இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

ஒன்றரை வருஷத்தில் செயற்கைக் காலோடு திரும்பி வந்து, பயிற்சியை முடித்து, பரீட்சைக்கு நின்றாள். கிரேனைக் கையால்தானே ஓட்டுகிறோம் என்பது அவள் கட்சி. மேனேஜரோ பாதுகாப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கிவிட்டு, அவளுக்கென்றே ஒரு விதி செய்தார். அறுபது மீட்டர் ஏணியில் அவள் தானே ஏற வேண்டும். பரீட்சை அதிகாரியும் கூடவே ஏறி, கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் விண்ணப்பம் நிரந்தரமாகத் தள்ளுபடி. அந்த அதிகாரி தாம்தான் என்பது, விதியை நோட்டீஸ் பலகையில் ஒட்டிய பிறகே அவருக்கு உறைத்தது.

"நீ ஏறிடுவக்கா. அவர் பேன்ட் தாங்குமான்னுதான் தெரியல," என்றாள் கேன்டீனில் வேலை பார்க்கும் அவள் தங்கை.

அன்று அவள் முன்னால் ஏறினாள். வலது காலை வைத்து, இடதை இழுத்து, அடுத்த படி. வெட்டுப்பட்ட இடம் தீயாய் எரிந்தது. நின்று நின்று ஏறி, ஒருவழியாகக் கூண்டுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்னால் யாரும் வரவில்லை.

ஏணி நடுவே இளைப்பாற விட்டிருந்த மேடைகளில் நான்காவதில் மேனேஜர் இரும்புக் கம்பியைப் பல வருஷம் பிரிந்திருந்த சொந்தக்காரரைப் போலக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கீழே இருந்தவர்கள் ஆள் ஏற்றும் கூடையைக் கொக்கியில் மாட்டினார்கள். அவள் அதைத் தூக்கி அவர் பக்கம் கொண்டுபோனாள். ஆனால் மேடைக்கும் கூடைக்கும் நடுவே இருந்த இடைவெளி அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

"எப்படியாவது இறக்கி விடும்மா," என்று வாக்கி-டாக்கியில் குரல் நடுங்கியது.

"எப்படியாவதுன்னு ஒரு சிக்னல் கிடையாது சார். வலதா, இடதா, எவ்வளவுன்னு சொல்லுங்க. நீங்க சொல்லாம கொக்கி அசையாது. விதி."

வாழ்க்கையில் முதல் தடவையாக மேனேஜர் சுருக்கமாகப் பேசினார். இடது. இன்னும். மெதுவா. நிறுத்து. கூடை மேடைக் கம்பியை ஓசையின்றித் தொட்டு நின்றது.

அவரை ஏற்றிக்கொண்ட கூடை தரையைத் தொட்டதும் அவருக்குக் குரல் திரும்பிவிட்டது. ஆபத்துக்கால ஏற்பாடு சரியாக இருக்கிறதா என்று சோதித்ததாக அறிவித்தார். பல பேருக்கு ஒரே சமயத்தில் இருமல் வந்தது. பிறகு கூடைக்குள் நின்றபடியே விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்து, வாக்கி-டாக்கியில் தொண்டையைச் செருமினார். "விதிப்படி நான் மேல வந்து பார்க்கலையே."

"அதனால என்ன சார், மறுபடி ஏறி வாங்க. நான் இங்கேயே இருக்கேன்."

கூடையின் கதவு திறப்பதற்குள் கையெழுத்து விழுந்துவிட்டது. சுற்றி நின்றவர்களில் ஒருவர் கண்ணிலும் இந்தத் தடவை தூசி விழவில்லை.

சாப்பிட இறங்கி வரச் சொல்லித் தங்கை கூப்பிட்டாள். கீழே தீப்பெட்டிகளாய்க் கிடந்த வீடுகளைப் பார்த்துக்கொண்டே அவள் செயற்கைக் காலைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவைத்தாள். பசிக்கவில்லை என்றாள்.