முழங்கால் சொன்ன தீர்ப்பு

என் கணவருக்கும் அவர் தம்பிக்கும் ஒரே வருடத்தில் மாரடைப்பு வந்தது. அதிலும் கூட்டு! இருவரும் சேர்ந்து சலவைக்கடை நடத்துகிறவர்கள். மருத்துவமனை ஆராய்ச்சிக்கும் சேர்ந்தே பெயர் கொடுத்தார்கள். உடம்புக்குள் இருக்கும் அழற்சியைக் குறைத்தால் இதயத்துக்கு நல்லதா என்று பார்க்கிறார்களாம். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது டாக்டருக்கே தெரியாது.

கொஞ்ச நாளில் இவருடைய முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. தம்பியோ இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். "அழற்சி குறைஞ்சா மூட்டு வலியும் போகும்ல? எனக்குத்தான் அசல். பாவம், அவனுக்கு டூப்பு" என்று இவர் தீர்ப்பே எழுதிவிட்டார்.

வாடிக்கையாளர் துணிக்கு அடையாளம் போடுவது போல, மாத்திரை டப்பாவின் அடியிலும் கடை மையால் புள்ளி வைப்பார்கள். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு இரண்டு. நேற்று அலமாரியைத் துடைக்கும்போது பார்த்தேன். எங்கள் வீட்டு டப்பாவில் இரண்டு புள்ளி. டப்பாவோடு நேரே இவரிடம் போனேன்.

"மாத்திட்டீங்களா?"

"புது டப்பா வாங்குன அன்னைக்கே. ரெண்டு மாசமாச்சு. அவன் பிள்ளைங்க இன்னும் படிக்குதுங்க."

"தம்பிக்கு நீங்க இருக்கீங்க. எனக்கு யாரு இருக்கா?"

அவர் டப்பாவை என் கையிலிருந்து வாங்கி அலமாரியில் திரும்ப வைத்தார்.

இன்று காலை இருவரையும் இழுத்துக்கொண்டு போய் ஆராய்ச்சி நர்ஸிடம் போட்டு உடைத்துவிட்டேன். கொழுந்தனார் பையிலிருந்து ஒற்றைப் புள்ளி டப்பாவை எடுத்து வைத்தார். அதன் மூடி பிரிக்கப்படவே இல்லை.

"புள்ளியப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு அண்ணி. அண்ணன் மருந்தத் தின்னுட்டு நான் பொழைக்கணுமா? திருப்பிக் குடுத்தா வாங்க மாட்டாரு. இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டேன்."

நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "டாக்டர்கிட்ட சொல்றேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் மாத்திரைய நிறுத்துங்க. ஆமா, முழங்கால் இப்ப எப்படி இருக்கு?"

"வலியே இல்ல சிஸ்டர்" என்று பெருமையாகச் சொன்ன இவர், சட்டென்று நிறுத்தினார். இரண்டு மாதமாக இவர் தின்றது தம்பியின் 'டூப்பு' அல்லவா!

"அப்ப என்னுதுதான் அசலா?" என்றார் தம்பி.

"அதுவும் யாருக்கும் தெரியாது" என்றார் நர்ஸ்.

படியிறங்கும்போது இவரிடம் கேட்டேன். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா விட்டிருப்பியா?"

"மாட்டேன்." கொழுந்தனார் காதில் விழட்டும் என்றே சொன்னேன்.

"அதான் சரி அண்ணி" என்றார் அவர்.