யாரிடமும் சொல்லாத ஊர்

அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை இப்போதும் என் வாயால் சொல்ல வரவில்லை. வடக்கே, பாதி வருஷம் பனி பெய்கிற ஒரு சின்ன ஊரில் இருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போன கோடையில் என் மகள் ஓவியாவைக் கூட்டிப்போய்க் காட்டினோம். கல் படிகளும் ஏரியுமாக இருந்தது. திரும்பி வரும் விமானத்தில் அவள் ஜன்னலையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெண் ஹூஸ்டன் பக்கத்திலிருக்கும் எங்கள் பேர்லேண்டைவிட்டுப் போய்விட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இங்கே கல்லூரிச் சேர்க்கையில் ஏர்லி டிசிஷன் என்பது ஒரே ஓர் இடத்துக்கு வாக்குக் கொடுப்பது. நவம்பர் முதல் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், டிசம்பர் நடுவில் பதில் வரும். கிடைத்தால் போயே ஆக வேண்டும், வேறெங்கும் பார்க்கக் கூடாது. பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும், பெற்றவர்களும் போட வேண்டும். கிட்டத்தட்ட நிச்சயதார்த்தம்தான். என்ன, நிச்சயதார்த்தத்துக்கு நாலு பேரைக் கூப்பிடுவோம். இதை மூடி மறைத்துச் செய்வோம். பிள்ளை எங்கே போட்டிருக்கிறது என்று எங்கள் வட்டத்தில் எந்த அம்மாவும் வாயைத் திறக்க மாட்டாள். கண் பட்டுவிடும்.

நான் ஒரு படி மேலே போனேன். அக்டோபரில் ஒரு நாள் எங்கள் ஊர் மீனாட்சி கோயில் பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு ஓவியாவிடம் சத்தியம் கேட்டேன்.

"ரிசல்ட் வர்ற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது, கண்ணு."

"விஷாகாகிட்ட மட்டும், அம்மா. ப்ளீஸ். ஷீ இஸ் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்."

"அவகிட்டச் சொன்னா ருக்மிணிகிட்டச் சொன்ன மாதிரி. ருக்மிணிகிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

"திஸ் இஸ் சோ ஸ்டுபிட்," என்றாள். ஆனாலும் என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

ருக்மிணி எங்களுக்கு மூன்று தெரு தள்ளி இருக்கிறாள். அவள் மகள் விஷாகாவும் ஓவியாவும் கிண்டர்கார்டனிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள். அன்றைக்கே கோயில் கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நிற்கும்போது ருக்மிணி கேட்டுவிட்டாள்.

"புஷ்பா, ஓவியா எங்கடி ஏர்லி போடறா?"

இன்னும் முடிவு பண்ணவில்லை என்று சொல்லியிருக்கலாம். என் நாக்குக்கு அது போதவில்லை. "இங்கதான், ஹூஸ்டன்லயே. எங்களை விட்டுட்டு அவ எங்க போகப்போறா?" என்று ஓர் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவைத்தேன். ருக்மிணியின் முகம் மலர்ந்துவிட்டது. இவளுக்கு இதில் என்ன சந்தோஷம் என்று நான் யோசிக்கவில்லை. தோசை வந்துவிட்டது.

அந்த மாசக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ராகு காலம் முடியட்டும் என்று பத்தரை மணிவரை காத்திருந்து, என் கணவர் வெள்ளியங்கிரி, "இப்ப அமுத்து, அம்மணி," என்றார். விண்ணப்பத்தை அனுப்பும் பொத்தானை ஓவியா அழுத்தினாள்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் நான் எங்கே இருந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தினமும் காலையில் ஃப்ரீவேயில் வேலைக்குப் போனேன். முன்னால் சிவப்பு விளக்குகள் வரிசையாக நிற்கும், இரண்டு பக்கமும் டெக்சாஸ் வெயில் காயும், எனக்கு மட்டும் பனி விழும். அந்தக் கல் படிகளில் ஓவியா கழுத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஏறிக்கொண்டிருப்பாள். ஏறினாள் ஏறினாள், படிகள் முடியவே இல்லை. பின்னால் ஹார்ன் அடித்தால்தான் நினைவு வரும். ஒரு நாள் கனவில் பேர்லேண்டிலேயே பனி கொட்டியது. கோபுரம் முழுக்க வெள்ளை. யாரோ ஒரு பெண் கோட்டுகூட இல்லாமல் பார்க்கிங்கில் நின்றாள். ஓவியா என்று ஓடினேன். கிட்டே போனால் விஷாகா. "குளிரலையா, கண்ணு?" என்று கேட்டேன். தெரியலை ஆன்ட்டி என்றாள்.

பதில் வந்த அன்று சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தோம். இடம் கிடைத்துவிட்டது என்ற வரியோடு திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன. ஓவியா கத்தினாள். வெள்ளியங்கிரி அழுதேவிட்டார். நான் மிதந்துகொண்டிருந்தேன், தரை எங்கேயோ கீழே கிடந்தது.

அரை மணி கழித்து வாசல் மணி அடித்தது. ருக்மிணி கேசரி டப்பாவோடு நின்றாள், பக்கத்தில் விஷாகா.

"விஷாகாவுக்குக் கிடைச்சுடுத்துடி! ஓவியாவுக்கும் வந்திருக்குமே? ரெண்டு பேரும் ஒரே ரூம் கேக்கலாம்." உள்ளே வந்துகொண்டே பேசினாள். "இவ பாஸ்டன், பாஸ்டன்னு ஒத்தக் கால்ல நின்னா. ஓவியாவே இங்கதான் இருக்கப்போறாளாம்னு சொன்னேன். மறுபேச்சு இல்ல, அதே காலேஜுக்கு சைன் பண்ணிட்டா. கண்ணு பட்டுடப்போறதுன்னு ஓவியாகிட்டக்கூட மூச்சு விடக் கூடாதுன்னு ஆர்டர் போட்டுட்டேன்."

எனக்குக் கால் தரையில் பட்டது. விஷாகா ஓவியாவின் முதுகுக்குப் பின்னாலிருந்த திரையைப் படித்துக்கொண்டிருந்தாள். மெதுவாகத்தான் படித்தாள்.

"இது ஹூஸ்டன் இல்லையே," என்றாள்.

ஓவியா என்னைப் பார்த்தாள். பிறகு விஷாகாவைப் பார்த்து, "ஐ ஷுட் ஹாவ் டோல்ட் யூ. இட்ஸ் மை ஃபால்ட்," என்றாள்.

என் தப்பை என் மகள் எடுத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. "அவ இல்ல, நான்தான்," என்றேன். "நான்தான் சத்தியம் வாங்கினேன். ருக்மிணி, நான் உன்கிட்டப் பொய் சொன்னேன்."

ருக்மிணி டப்பாவை மேஜையில் வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தன் மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நானும் கையெழுத்துப் போட்டுட்டேனே," என்று மட்டும் சொன்னாள்.

விஷாகா ஓவியாவைக் கட்டிக்கொண்டு கங்க்ராட்ஸ் சொன்னாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். அவள் தமிழில் பேசுவதே அபூர்வம்.

"ஆன்ட்டி, இப்போ வெளிய சொல்லலாமா? இல்ல இன்னும் சொல்லக் கூடாதா?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

"சொல்லு, கண்ணு. எல்லார்கிட்டயும் சொல்லு," என்றேன்.

தலையாட்டிவிட்டு ஃபோனை எடுத்தாள். பன்னிரண்டு வருஷமாக எதுவானாலும் முதலில் ஓவியாவிடம்தான் சொல்லிப் பழகியவள். யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.