கொடுத்தவளுக்குக் கட்டம் இல்லை

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளைக் கொக்கு மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் அவள் பெயர் கடைசியில்தான் இருந்தது. நூற்றுக்கு இருபத்தெட்டு. வருஷத்தில் நாலே நாலு ஆட்டம் ஆடி, பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற கேண்டீன் அக்காவுக்கே முப்பத்தொன்று போட்டிருந்தது. முதல் இடம் கேப்டனுக்கு, நாற்பத்தேழு. கேப்டன் என்றால் வேறு யாரோ இல்லை, கொக்கின் சொந்த அண்ணன் பெண்டாட்டி. ஒரே வீடு, ஒரே அடுப்பு.

கொக்கு என்பது பஸ் டெப்போவில் வைத்த பெயர். பெண்கள் கூடைப்பந்து அணியில் அவளுடைய வேலை, மைதானத்தின் வலது மூலையில் அசையாமல் நின்று, பந்து வந்ததும் எறிவது. அதைப் பார்த்து டயர்காரர் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. டயர்காரர் பகலில் டயர் பிரிவு மேஸ்திரி, மாலையில் அணிக்குப் பயிற்சியாளர். கொக்கு உதிரிபாகக் கவுண்டரில் இருந்தாள், அண்ணி டிக்கெட் கவுண்டரில். இரண்டு பேருமே தற்காலிகம். மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. இந்த வருஷம் கோப்பையோடு வந்தால் அணியில் ஒருத்திக்கு வேலை நிரந்தரம் என்று பெரிய அதிகாரி சொல்லியிருந்தார். யாருக்கு என்று சண்டை வரக்கூடாதாம். அதனால் எறிந்ததில் எத்தனை விழுந்தது என்ற சதவீதத்தில் யார் முதலோ அவளுக்கு. அதிகாரி வாழ்க்கையில் ஒரு பந்தைத் தொட்டிருந்தால் இப்படி ஒரு விதியைப் போட்டிருக்க மாட்டார்.

கொக்கு நேராக டைம்கீப்பர் அறைக்குப் போனாள். கணக்குத் தாள் எழுதுகிறவர் அவர்தான். பஸ் வந்த நேரம், போன நேரம் என்று முப்பது வருஷம் எழுதிய கை, சும்மா இருக்குமா? ஒவ்வொரு எறிக்கும் பக்கத்தில், கடிகாரத்தில் எத்தனை வினாடி பாக்கி இருந்தது என்பதையும் பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை, யாரும் படித்ததுமில்லை. கொக்கு படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்குக் காது சுட்டது.

மொத்தம் அறுபத்தொரு எறி. அதில் முப்பத்துநாலு, மூன்று வினாடியோ அதற்குக் குறைவாகவோ பாக்கி இருந்தபோது எறிந்தவை. கை நிலைப்பதற்குள், கால் ஊன்றுவதற்குள், எதிராளி முகத்துக்கு நேரே நிற்க எறிந்தவை. விழுந்தது நாலு. மற்ற இருபத்தேழில் விழுந்தது பதின்மூன்று. டைம்கீப்பர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கணக்குப் போட்டுச் சொன்னார், அது நாற்பத்தெட்டு சதவீதம். கேப்டனைவிட ஒன்று அதிகம்.

"இந்த முப்பத்துநாலு பந்தையும் எனக்குக் குடுத்தது யாருன்னு எழுதலையா சார்?"

"எறிஞ்சவங்களுக்குத்தான்மா கட்டம் இருக்கு. குடுத்தவங்களுக்குக் கட்டம் இல்லை."

எழுதியிருக்கவே வேண்டாம், அவளுக்குத் தெரியும். பந்து கைக்கு வந்தால் இருபத்துநாலு வினாடிக்குள் எறிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மணி அடித்துப் பந்து எதிரணிக்குப் போய்விடும். கேப்டன் பந்தைத் தட்டிக்கொண்டே வழி தேடுவாள். வழி கிடைத்தால் தானே எறிவாள். கிடைக்காவிட்டால் இருபத்திரண்டாவது வினாடியில் மூலையில் நிற்கிற இளிச்சவாயின் தலையில் கட்டுவாள். எறிந்து தவறினால் எறிந்தவள் கணக்கு. எறியாமல் மணி அடித்தால் யார் கணக்கிலும் இல்லை, அணிக்குத்தான் நஷ்டம். தவறின பந்தையாவது நம்மவள் ஒருத்தி பிடிக்கலாமே என்று கொக்கு ஒவ்வொரு முறையும் எறிந்து தொலைத்தாள்.

டயர்காரர் சொல்லிக்கொடுத்த தந்திரமும் அண்ணிக்குத் தோதாகப் போயிற்று. பத்து நிமிடக் கால் பகுதி முடிய நாற்பது வினாடி இருக்கும்போது பந்து கிடைத்தால், சட்டென்று ஒன்றை எறிந்துவிட வேண்டும். எதிரணி தன் இருபத்துநாலு வினாடியை முழுசாகத் தின்றாலும், கடைசிப் பந்து நமக்கே வரும். அவர்களுக்கு ஒரு வாய்ப்பு, நமக்கு இரண்டு. நல்ல தந்திரம்தான். ஆனால் இரண்டில் ஆற அமர எறிகிற முதல் வாய்ப்பு எப்போதும் கேப்டனுக்கு, மூச்சு முட்டுகிற கடைசிப் பந்து எப்போதும் கொக்குக்கு. ஒரு வருஷமாக இதைக் கண்ணால் பார்த்தும், குடும்பத்து மனுஷி என்று சும்மா இருந்த தன் மீதே அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அன்று சாப்பிடும்போது கேட்டுவிட்டாள். அண்ணி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. குழம்புக் கரண்டியைக் கூட நிறுத்தவில்லை.

"யாராவது எறிஞ்சுதானே ஆகணும். நீ அங்க சும்மாதானே நின்னுட்டிருந்த. வேண்டாம்னா எறியாம இருந்திருக்கலாம், உன் கையை யாராவது பிடிச்சாங்களா?"

ஆட்டத்தை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள் என்று அண்ணன் தட்டைப் பார்த்தபடி சொன்னான். பஸ் ஓட்டும்போது கண்ணாடியில் மூன்று பக்கமும் பார்க்கிற மனுஷனுக்கு, வீட்டில் தட்டைத் தவிர எதுவும் தெரியாது. கொக்கு பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினாள்.

அடுத்த ஒரு வாரமும் மாலையில் வாஷிங் ஷெட்டுக்குப் பின்னால் போய், ஈரச் சுவரில் பந்தை அடித்து, திரும்பி வந்ததும் அதே வேகத்தில் சுவருக்கே திருப்பி அனுப்பினாள். பிடிப்பது இல்லை, பார்ப்பது இல்லை. வந்த வழியே போ. ஆயிரம் தடவையாவது அனுப்பியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் வாய்க்குள் ஒரு வசவு.

இறுதி ஆட்டம் குடிநீர் அலுவலக அணியோடு. முதல் கால் பகுதி முடிய இரண்டு வினாடி, மூலைக்குப் பந்து வந்தது. கொக்கு அதைச் சூடு மாறாமல் கேப்டன் கைக்கே திருப்பினாள். இப்போது என்ன செய்வாய், பார்க்கிறேன் என்று நின்றாள். அண்ணி பதறவில்லை. பந்தைத் தலைக்கு மேல் தூக்கி, மணி அடிக்கும்வரை ஒரு கண்ணிமைப்பு பொறுத்து, அதற்குப் பிறகு அழகாக எறிந்தாள். முயற்சி பண்ணினாளே என்று கூட்டம் கை தட்டியது. மணிக்குப் பிறகு எறிந்தது கணக்கில் வராது, டைம்கீப்பரின் பேனா அசையவில்லை. இந்த வித்தையும் தெரிந்து வைத்திருக்கிறாளா என்று கொக்குக்கு வயிறு எரிந்தது. மூன்றாம் கால் பகுதி முடிவிலும் அதே பந்து, அதே திருப்பல், அதே கைதட்டல்.

கடைசிக் கால் பகுதி. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். பாக்கி இருபது வினாடி, பந்து நம்முடையது. இதில் ஒன்று விழுந்தால் கோப்பை. கேப்டன் நடுவில் புகுந்தாள். குடிநீர்க்காரிகள் மூன்று பேர் அவள் மேலேயே விழுந்தார்கள். கொக்கைப் பார்க்க ஆள் இல்லை. பந்து வந்தது, நெஞ்சுக்கு நேராக, மடியில் வைத்துக் கொடுத்த மாதிரி.

கொக்கு பார்க்கவில்லை. கை பார்க்க விடவில்லை. வந்த வேகத்திலேயே அதைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். பாக்கி ஏழு வினாடி.

ஏழு வினாடியில் கால் ஊன்றலாம், மூச்சு விடலாம், வளையத்தைக் கண் நிறையப் பார்க்கலாம். அவளிடம் அது இருந்தது, அரை வினாடிக்கு முன்னால்வரை. கொக்கு எறிவாள் என்று நம்பி, தவறினால் பிடிப்பதற்காகக் கேப்டன் வளையத்தின் அடிக்கு ஓடிக்கொண்டிருந்தாள். பந்து அவள் முதுகில் பட்டு, கோட்டைத் தாண்டி, டயர்காரரின் காலடியில் போய் நின்றது. மிச்ச நேரத்தைக் குடிநீர்க்காரிகள் பந்தைக் கட்டிப் பிடித்தே ஓட்டினார்கள். மணி அடித்தது. டயர்காரர் காலடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

உடை மாற்றும் அறையில் மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே போகிறவரை அண்ணி காத்திருந்தாள். அவள் அழுதிருந்தாள், ஆனால் குரலில் அழுகை இல்லை, நெருப்புதான் இருந்தது.

"நாற்பத்தேழு வச்சிருந்தேன். கோப்பை ஒண்ணுதான் பாக்கி. என் வேலையை நீ கெடுத்துட்ட. எவ்வளவு நல்ல பந்து அது. நல்லாப் பாத்து, நேரம் வச்சு, உன் கையில கொண்டுவந்து குடுத்தேன்."

தனக்குத் தேவை என்று வந்ததும் பந்து எவ்வளவு அழகாக வந்தது. இந்தக் கை இத்தனை நாள் இப்படிக் கொடுத்திருந்தால் என்ன கேடு? அந்த ஏழு வினாடியை விட்டது தான்தான் என்று கொக்குக்குத் தன் மீதும் கோபம் வந்தது. அந்தக் கோபமும் இந்தக் கோபமும் ஒன்றாகத்தான் வெளியே வந்தன.

"முப்பத்தாறு தடவை சாகப்போற பந்தாப் பாத்து எனக்குக் குடுத்தீங்க அண்ணி. முப்பத்தேழாவது உயிரோட வருதுன்னு என் கைக்கு எப்படித் தெரியும்?"

அண்ணி எழுந்தாள். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வெளியே போனாள்.

கோப்பை வராததால் யாருக்கும் நிரந்தரம் இல்லை என்று அதிகாரி ஒரே வரியில் எழுதி அனுப்பிவிட்டார். மாதக் கடைசி நாளில் தற்காலிகங்கள் எல்லாரும் டைம்கீப்பர் அறையில் வரிசையாக நின்று, அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணிக்கு அடுத்தபடி கொக்கு நின்றாள். டைம்கீப்பர் இருவரையும் நிமிர்ந்து பார்க்காமல், வழக்கம்போல் நேரத்தை எழுதினார். அண்ணி கையெழுத்துப் போட்டுவிட்டு, பின்னால் திரும்பாமலே பேனாவை நீட்டினாள்.

கொக்கு அதை வாங்கவில்லை. பையைத் திறந்து, தன்னுடைய பேனாவைத் தேடி எடுத்தாள்.