மூன்று முறை விழுந்தவர்கள்

லிஃப்ட் தடாலென்று வந்து நின்றது. கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தது ஒரு பன்றித்தலை.

வேகவைத்த தலை. பெரிய தாம்பாளத்தில், காது விறைத்து, கண் மூடி, வாய் லேசாகப் பிளந்திருந்தது. தள்ளுவண்டியை டிரைவர் தள்ளிக்கொண்டு வர, அவனுக்குப் பின்னால் கோட்டும் தொப்பியுமாக சேர்மன் பியோ சாங்-சிக் நுழைந்தார். கொரியாவின் பூசான் துறைமுகத்தில் நாற்பது வருஷம் கயிறும் வலையும் விற்றுச் சம்பாதித்த மனிதர். இப்போது புதுக் கம்பெனிகளில் பணம் போடுவது அவர் வேலை.

"சிரிக்குது பார்த்தீங்களா?" என்றார் தலையைக் காட்டி. "சிரிக்கிற தலைதான் ராசி. சந்தையில இருபது தலையப் புரட்டிப் பார்த்து எடுத்தேன். கடைக்காரி திட்டியே தீர்த்துட்டா."

மிரானுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கையெழுத்து இன்றைக்கு. புது அலுவலகம் திறக்கிற அன்று படையல் போட்டு, விழுந்து கும்பிட்டு, அதற்கப்புறம்தான் ஒப்பந்தத்தில் முத்திரை குத்துவேன் என்று சேர்மன் முன்பே சொல்லியிருந்தார்.

குக் மிரான் பத்தொன்பது வருஷம் குடி மறக்கும் வார்டில் நர்ஸாக இருந்தவள். மூன்று மாதத்தில் தெளிந்து, கன்னம் உப்பி, கையாட்டி விட்டுப் போகிறவர்கள் ஆறாவது மாதம் அதே படுக்கைக்குத் திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துத்தான் வேலையை விட்டாள். 'அடுத்த வருஷம்' என்ற இந்தக் கம்பெனியைத் தொடங்கினாள். ஆஸ்பத்திரி கைகழுவிய இடத்தில் இவர்கள் கை கொடுப்பார்கள், ஐந்து வருஷத்துக்கு. ஒவ்வொருவருக்கும் மூன்று துணையாளர்கள். எல்லோரும் தாங்களே குடித்து, தாங்களே விட்டவர்கள். ஆபத்து என்று தோன்றினால் போனில் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும். துணையாளர்கள் போனும் அடிக்கும், இந்த அலுவலகத்தில் மணியும் அடிக்கும். பலகையில் பெயர் வராது. ஒரு எண்ணும் இடமும் மட்டும் வரும். யார் எந்த எண் என்பது மிரானுக்கே தெரியாது.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அந்தப் பொத்தானை நம்பி இருந்தார்கள். சேர்மன் பணம் போடாவிட்டால் மாதக் கடைசியில் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

ஆனால் அவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவு: மூன்று முறை மறுபடி குடித்தவர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார்கள். அப்போதுதான் கணக்கு அழகாக இருக்கும், அடுத்து பணம் போட வருகிறவர்கள் மயங்குவார்கள் என்பது அவர் வாதம். மிரான் ஆறு வாரம் சண்டை போட்டுப் பார்த்துவிட்டுத் தோற்றிருந்தாள். எல்லோரையும் இழப்பதைவிடச் சிலரை இழப்பது பரவாயில்லை என்று ராத்திரி முழுக்கத் தனக்குத்தானே சொல்லிப் பழகியிருந்தாள்.

"அஞ்சு தடவை விழுந்தவன் நான்," என்று காலையில்தான் தாக் போங்-சு சொல்லியிருந்தார். அறுபத்தொரு வயது, பழைய பஸ் டிரைவர், அவளுடைய முதல் துணையாளர். "உங்க ஒன்பதாவது பிரிவு அப்பவே இருந்திருந்தா, என் பொண்டாட்டி இப்ப நிம்மதியா விதவையா இருந்திருப்பா."

"போங்-சு அண்ணே, வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க."

"நான் கிளப்பலை மேடம். அது ஏற்கெனவே எரியுது."

தலையை மேஜைமேல் ஏற்றினார்கள். சிவப்புப் பயறு தூவிய அரிசிப் பலகாரம், நூல் சுற்றிய கருவாடு, பேரிக்காய். எல்லாம் மிரானே முறையாக வாங்கி வைத்திருந்தாள். அப்போது டிரைவர் இரண்டாம் நடையில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பன்னிரண்டு பாட்டில். மக்கொல்லி. அரிசிக் கள்.

போன் பேசிக்கொண்டிருந்த எட்டுத் துணையாளர்களும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள்.

மிரானுக்கு முகம் சூடேறியது. சிறு வயதிலிருந்து பார்த்த சடங்கு. கள் இல்லாத படையலை அவள் கண்டதேயில்லை. அதனாலேயே அது கள் என்பது அவள் மண்டையில் ஏறவேயில்லை. பலகாரத்துக்கு எத்தனை அடுக்கு என்று மூன்று நாள் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை.

"சேர்மன் ஐயா," என்றாள் மெல்ல. "இங்க இருக்கிற எட்டுப் பேரும் குடிய விட்டவங்க."

சேர்மன் நிஜமாகவே திகைத்தார். பாட்டிலைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். "அட, ஆமால்ல. ஆனா இது இவங்களுக்கு இல்லையே, சாமிக்கு."

"சாமிக்கு இனிப்புப் பானகம் ஊத்தலாமே," என்றார் போங்-சு. "அதுவும் அரிசிதான். கீழ்க் கடையில விக்குது."

"நாப்பது வருஷமா கள்ளு குடிச்ச சாமிக்குப் பானகமா? கோவிச்சுக்கிட்டு எதிர் பில்டிங்குக்குப் போயிடும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சேர்மன் இறங்கி வந்தார். "ஒரே ஒரு கிண்ணம். நாலு மூலையில தெளிச்சுட்டு, மிச்சப் பாட்டிலை எல்லாம் என் வண்டிக்கே திருப்பி அனுப்பிடுறேன். சரியா?"

சரியில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மேஜை ஓரத்தில் முத்திரை குத்தக் காத்துக்கொண்டிருந்த ஒப்பந்தத்தை மிரான் பார்த்தாள். தலையாட்டினாள்.

போங்-சு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, "பானகம் வாங்கிட்டு வரேன்," என்று வெளியே போனார். அவர் நடை வழக்கத்தைவிட வேகமாக இருந்ததாக அவளுக்குப் பட்டது.

மூடி திறந்தது. புளித்த அரிசி வாசம் அறை முழுக்கப் பரவியது. சேர்மன் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்கினார். பன்றியின் வாயில் பணம் வைத்த ஒரு உறையைச் செருகினார். மூலைகளில் தெளித்தார். கிண்ணத்தில் பாதி மிஞ்சியது. மிஞ்சியதைக் கீழே கொட்டக் கூடாது, பெரியவர் குடிக்க வேண்டும் என்பது முறை. அவர் உதட்டருகே கொண்டுபோய், வாய் வைக்காமல், பார்க்கக்கூடப் பார்க்காமல் இடப்பக்கம் நீட்டினார்.

இடப்பக்கம் அவருடைய மேனேஜர் யோம் கியூ-தே நின்றிருந்தான். மிரானின் கம்பெனியைத் தேடி சேர்மனை முதலில் அழைத்து வந்தவனும் அவன்தான். ஒல்லியான, அதிகம் பேசாத, எந்தக் காகிதத்தைக் கேட்டாலும் அரை நிமிஷத்தில் எடுத்துத் தருகிற ஆள். பெரியவர் கொடுப்பதை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கினான். பெரியவர் முன்னால் குடிக்கிற முறைப்படி முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினான். பிறகு வாய் வைக்காமலே கிண்ணத்தை மேஜையில் வைத்தான்.

"ஒரு போன் பேசிட்டு வந்துடுறேன் ஐயா," என்று வெளியேறினான்.

"படையல் நடுவுல என்னடா போன்?" என்று முணுமுணுத்தார் சேர்மன். "மேடம், வாங்க. உங்க முறை."

மிரான் கும்பிட மண்டியிட்டாள். நெற்றி தரையைத் தொடும் முன் மணி அடித்தது.

பலகையில் எண் மின்னியது. 207. பக்கத்தில் இடம். இந்தத் தெரு, இந்தக் கட்டடம்.

மிரான் எழுந்துவிட்டாள். போங்-சு. வேறு யாராக இருக்க முடியும்? அதனால்தான் அத்தனை வேகமாக வெளியே போனாரா? ஒரு கிண்ணம்தானே என்று தலையாட்டியவள் அவள்தானே?

"மேடம், எங்க? கும்பிட்டு முடிச்சதும் முத்திரை குத்தணும். நல்ல நேரம் பதினொன்றரை வரைக்கும்தான்."

"மணி அடிச்சா எழுந்து போகணும் ஐயா. இங்க அது ஒண்ணுதான் சட்டம்."

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடினாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் போங்-சு எதிரே ஏறி வந்தார், இரண்டு கையிலும் பானக பாட்டில்களோடு, மூச்சு வாங்கிக்கொண்டு.

"நீங்க நல்லாத்தான் இருக்கீங்களா?"

"நாலு மாடி ஏறுறேன், நல்லாவா இருப்பேன்? ஏன், மணி அடிச்சதா?" அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "ஓ, நான்னு நினைச்சீங்க. அஞ்சு தடவை விழுந்தவன்னா சும்மாவா, மரியாதையே தனி."

அவர் மோவாயால் கீழே காட்டினார். "அந்தத் தம்பி இரண்டாம் மாடியில உட்கார்ந்திருக்கார். நான் தாண்டி வந்தப்போ குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிக்கிட்டிருந்தார். அவர் ஷூவுல லேஸே இல்லை."

கீழ்ப்படியில், சுவரோடு ஒண்டி, போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யோம் கியூ-தே உட்கார்ந்திருந்தான். திரையில் சிவப்புப் பொத்தான் எரிந்தது.

மேலே பதற்றத்தில் தோன்றாத 207-இன் கோப்பு மிரானுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டரை வருஷம். நான்கு முறை விழுந்தவர், நான்கு முறையும் மறுநாள் காலையே தானாக அழைத்தவர். பெயரில்லாத அந்த எண்ணின்மேல் அவளுக்கு எப்போதும் ஒரு பிரியம் உண்டு.

"ஒன்பதாவது பிரிவை எழுதினது நீங்கதானே?" என்றாள்.

"ஆமா மேடம். என் கையாலதான் டைப் பண்ணேன்." அவன் சிரிக்க முயன்றான். "முத்திரை விழுந்ததும் முதல்ல வெளிய போறவன் நான்தான்."

"அப்புறம் எதுக்கு எங்களைத் தேடி சேர்மனைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"நான் போனாலும் மத்தவங்களுக்கு இது இருக்கும்ல."

போங்-சு பக்கத்தில் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்து நீட்டினார். குடியைப் பற்றி இருபது நிமிஷத்துக்குப் பேசக் கூடாது, அது துணையாளர் பாடத்தின் முதல் வரி. "தம்பி, அந்தப் பன்னித்தலைய முடிவுல யார் எடுத்துட்டுப் போவாங்க? என் பொண்டாட்டிக்குக் காது பிடிக்கும். நீங்க மேனேஜர், கொஞ்சம் சிபாரிசு பண்ணுங்க."

கியூ-தே இந்த முறை நிஜமாகவே சிரித்தான். பாட்டிலை வாங்கி இரண்டு மடக்குக் குடித்தான்.

மேலே காலடிச் சத்தம். ஒப்பந்தத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து சேர்மன் இறங்கி வந்தார். மிரான் குறுக்கே நின்றாள். "ஐயா, மேல போங்க. இங்க இருக்கிறவர் ஒரு நம்பர், அவ்வளவுதான்."

"நான்தான் ஐயா," என்றான் கியூ-தே.

சேர்மன் கோட்டைச் சுருட்டிக்கொண்டு, சிமெண்டுப் படியில் அவனுக்கு மேல்படியில் உட்கார்ந்தார்.

"எத்தனை தடவை விழுந்தே?"

"நாலு."

"எங்கெங்க?"

கியூ-தே தயங்கினான். "வலை முதலாளிங்க சங்க விருந்துல. துறைமுக அதிகாரிங்களுக்கு நாம கொடுத்த விருந்துல. போன வருஷம் உங்க மகன் சின்னவர் கல்யாணத்துல. கடைசியா இந்த வசந்தத்துல, பாங்க்காரங்களோட."

ஒவ்வொன்றுக்கும் சேர்மனின் தலை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. எல்லா விருந்திலும் அவரும் இருந்தார். எல்லாவற்றிலும் இவன் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தான்.

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமேடா."

"உங்ககிட்டயா ஐயா?"

சேர்மன் காகிதத்தைத் தொடைமேல் விரித்துப் பேனா கேட்டார். ஒன்பதாவது பிரிவின்மேல் மேலிருந்து கீழாக ஒரு கோடு, அப்புறம் குறுக்கே ஒன்று. கோட்டுப் பையிலிருந்து முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, அடித்த இடத்தில் ஒன்றும் கடைசிப் பக்கத்தில் ஒன்றும் குத்தினார். மணி பதினொன்று நாற்பது ஆகியிருந்தது.

மிரான் காகிதத்தை வாங்கினாள்.

"நாளைக்குப் பணம் போட வர்றவங்க கேட்பாங்க ஐயா. நாலு தடவை, அஞ்சு தடவை விழுந்தவங்களை ஏன் இன்னும் வெச்சிருக்கீங்கன்னு. என்ன சொல்றது?"

சேர்மன் கியூ-தேயின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஈரல் கெட்டுப்போன ஒரு கிழவன், தனக்கு ஊத்தின கிளாஸை எல்லாம் பதினோரு வருஷமா இவன் கையில கொடுத்தான்னு சொல்லுங்க."